படம் கழுவியவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில், செட்டிநாட்டு வீடுகளில் தொங்கும் பழைய புகைப்படங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மகிழ்ச்சியாக. எங்கள் ஊர்ப் படங்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குவார்கள் என்று நான் எதிர்பார்த்ததில்லை. இரண்டாம் முறை கையில் பேனாவோடு. கட்டுரையின் இரண்டு வாக்கியங்கள் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தப் படங்கள் எல்லாம் "வயதாகிப் பழுப்பேறிவிட்டன" என்பது ஒன்று. சட்டத்திலிருந்து படத்தை எடுத்து வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பஞ்சால் துடைத்தால் பழுப்புக் குறையும் என்ற யோசனை மற்றொன்று. முதல் வாக்கியம் தவறு. இரண்டாவதை நம்பி இந்நேரம் யாராவது ஓர் ஆச்சி அண்டாவில் வெந்நீர் போட்டிருப்பாரோ என்ற பயத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் 1967இல் 16 வயதில் காரைக்குடியில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தவன். பிறகு அதையே எடுத்து நடத்தி, கலர் லேப்கள் வந்து இருட்டறைக்கு வேலை இல்லாமல் போகும்வரை சிவப்பு விளக்கின் கீழ் நின்றவன். எனக்குத் தொழில் சொல்லித்தந்த மாஸ்டர் ரங்கூனில் படம் பிடித்தவர். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது மற்றவர்களோடு நடந்தே ஊர் திரும்பியவர். கேமராவை வழியில் விட்டுவிட்டார். மருந்து அளவுகள் எழுதிய நோட்டை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்தார். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. ஓரமெல்லாம் இராமபாணப் பூச்சி அரித்துவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. பிலிம் சுருளைக் கொண்டுவருகிற எல்லோரும் "கழுவிக் கொடுங்கள்" என்றுதான் சொல்வார்கள். உருவத்தை எழுப்புகிற டெவலப்பரில் போடுவது, அதை நிலைநிறுத்துகிற ஹைப்போவில் போடுவது, பிரிண்ட் எடுப்பது எல்லாமே அவர்களுக்குக் கழுவுவதுதான். உண்மையான கழுவல் என்பது எல்லாம் முடிந்தபின் வெறும் தண்ணீரில் நடக்கிற கடைசி வேலை. அந்தக் காலத்துக் கெட்டி புரோமைடு பேப்பருக்குக் குறைந்தது 1 மணி நேரம் கழுவல் வேண்டும். பிற்பாடு வந்த பிளாஸ்டிக் பூசிய பேப்பருக்கு 4 நிமிடம் போதும். தொழிலின் பெயரே கழுவுதல்; அவசரம் என்றால் நாங்கள் முதலில் கைவைப்பதும் அந்தக் கழுவலில்தான்.

கட்டுரையாளர் பழுப்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்ட விஷயத்தில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. அதில் ஒன்று, வேண்டுமென்றே, காசு வாங்கிக்கொண்டு, கையால் ஏற்றியது. நாங்கள் அதைச் செபியா டோன் போடுவது என்போம். அதை எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். பிறகு வயதைக் குறைசொல்லலாமா என்று வாசகர்களே முடிவு செய்யட்டும்.

கறுப்பு வெள்ளையில் நன்றாகப் போட்டு, ஹைப்போவில் நிலைப்படுத்தி, கழுவி முடித்த படத்தை எடுத்துக்கொள்வோம். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு என்று ஒரு மருந்து. மாதுளை முத்துப் போலச் சிவந்த கட்டிகள். தண்ணீரில் கரைத்தால் மஞ்சளாகிவிடும். அதோடு பொட்டாசியம் புரோமைடு சேர்த்த தட்டில் படத்தை மூழ்கவிட்டால் படம் மெல்ல அழியும். கோட்டு போகும், தலைப்பாகை போகும், கண் போகும். இரண்டு மூன்று நிமிடத்தில் வைக்கோல் நிறத்தில் ஒரு நிழல் மட்டும் மிஞ்சும். அதை மஞ்சள் போகும்வரை அலசி, சோடியம் சல்பைடு கரைசலில் போட்டால், போன படம் ஒரு மூச்சு விடுவதற்குள் பழுப்பாகத் திரும்பி வரும். சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதன் ஆவி பட்டாலே இருட்டறையிலுள்ள பேப்பர் பெட்டிகள் கெட்டுவிடும். அதனால் இந்த வேலையை எப்போதும் பின்கட்டுக் கிணற்றடியில்தான் செய்வோம். (டெவலப்பரில் சேர்க்கிற சல்பைட் வேறு, இந்தச் சல்பைடு வேறு. இரண்டையும் மாற்றி எடுத்துப் போட்டுவிட்டு மாஸ்டரிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.)

ஒருமுறை கண்டனூர்ப் பக்கத்து ஆச்சி ஒருவர், தம் கணவரின் படத்தைப் பெரிதாக்கி, மாமனாரின் ரங்கூன் படத்தில் இருக்கிற நிறத்திலேயே வேண்டும் என்று கேட்டார். கேட்டதோடு நில்லாமல் கிணற்றடிக்கே வந்து நின்றுகொண்டார். படம் தட்டில் கரைந்துகொண்டிருந்தபோது அவர் முகம் மாறியது.

"தம்பி, படம் எங்கே?"

"வந்துவிடும் ஆச்சி."

"இருந்த படத்தையும் அழித்துவிட்டு வந்துவிடும் என்கிறீர்களே!"

சல்பைடு தட்டில் படம் மீண்டும் எழுந்ததும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். "மாமா படத்துக் கலர் வந்துவிட்டது. நாற்றத்துக்கும் சேர்த்தா காசு கேட்டீர்கள்?" என்றார். கேட்டது சரிதான். சாதாரணப் பிரிண்டைப்போல் இரண்டு மடங்கு வாங்கினோம்.

நிறத்துக்காக மட்டும் டோன் போடவில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது பொடிப்பொடியான வெள்ளி. வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கும் பன்னீர்ச் செம்பும் வைத்திருப்பவர்களுக்கு அது என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுக்கும். படத்திலுள்ள வெள்ளிப் பொடி இன்னும் மெலிசு; இன்னும் சீக்கிரம் கெடும். டோன் போடும்போது அந்த வெள்ளியை நாங்களே முழுவதும் கந்தகத்தோடு சேர்த்து சில்வர் சல்பைடாக்கிவிடுகிறோம். அதன்பின் காற்று வந்து கெடுக்க அங்கே வெள்ளி கிடையாது. ரங்கூனில் எடுத்த படங்கள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன என்றால் அதனால்தான். காலம் கைவைக்க முடியாதபடி ஒருவர் கிணற்றடியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்த வேலை அது. அதைப் போய்க் காலத்தின் கணக்கில் எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டாவது பழுப்புதான் எங்கள் பாவம். ஹைப்போ என்பது சோடியம் தயோசல்பேட். பழைய பெயரின் மிச்சம்தான் ஹைப்போ. வெள்ளி உப்புகளை அது கரைக்கும் என்று 1819இல் கண்டுசொன்னவர் ஜான் ஹெர்ஷல். 1839இல் புகைப்படக்கலை பிறந்தபோது படத்தை நிலைநிறுத்தக் கைகொடுத்ததும் அதுதான். ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு போவது அதன் வேலை. வேலை முடிந்ததும் அதுவும் வெளியேற வேண்டும். காகித நாரில் அது தங்கிவிட்டால், தன்னிடமுள்ள கந்தகத்தைக் கொண்டு படத்தின் வெள்ளியைத் தின்னத் தொடங்கும். எங்கள் ஊர் வெக்கையும் ஐப்பசி ஈரமும் அதற்குத் துணை. இது போதாதென்று, பலமுறை பயன்படுத்திச் செத்துப்போன ஹைப்போவில் படத்தைப் போட்டால், கரைந்தும் கரையாத வெள்ளி உப்பு காகிதத்திலேயே ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு கழுவினாலும் போகாது. சில வருடங்களில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள் பாய்ந்துவிடும்.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. இந்தக் கெட்ட பழுப்பும் சில்வர் சல்பைடுதான். அந்த நல்ல பழுப்பும் சில்வர் சல்பைடுதான். எங்கள் ஊர் மின்வேதியியல் ஆய்வகத்தில், அதாவது நாங்கள் எல்லோரும் சிக்ரி என்று சொல்கிற இடத்தில் வேலை பார்த்த வாடிக்கையாளர் ஒருவர்தான் இதை எனக்குப் புரியவைத்தார். "ஒன்றே மருந்து, ஒன்றே நோயா சார்?" என்று கேட்டேன். "முழுவதும் சீராக மாறினால் படம், அங்கங்கே அரைகுறையாக மாறினால் கறை" என்றார். ஒரு டம்ளர் டீயில் முடித்த பாடம். படங்கள் ஏன் மங்குகின்றன என்று ஆராய 1855இலேயே லண்டன் போட்டோகிராபிக் சொசைட்டி ஒரு குழு அமைத்து, சரியாகக் கழுவாமல் விட்ட ஹைப்போவே முக்கியக் காரணம் என்று கண்டது என்பதையும் அவர்தான் சொன்னார். நூறு வருடத்துக்கு மேலாக உலகத்துக்குத் தெரிந்த குற்றத்தைத்தான் நாங்கள் காரைக்குடியில் செய்துகொண்டிருந்தோம்.

எனக்கு இது புத்தியில் ஏறியது ஒரு மணிவிழாவில். 1979, சித்திரை மாதம். மாஸ்டர் அப்போது இல்லை. பொறுப்பு முழுவதும் என்னுடையது. கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. சம்பை ஊற்றுத் தண்ணீர் வண்டியில் வரும்; அது குடிக்க. படம் கழுவ அதை ஊற்றினால் வீட்டில் சோறு கிடைக்காது. டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. எங்கள் இருட்டறையில் அன்று 34. தட்டுக்கு அடியில் ஐஸ் கட்டி வைத்து, மண்பானைத் தண்ணீர் ஊற்றி ஒப்பேற்றினேன். 24 படங்கள், எல்லாம் செபியா டோன். இரண்டு நாளில் வேண்டும் என்றார்கள். ஒரு மணி நேரம் கழுவ வேண்டியதை நாலு வாளித் தண்ணீரில் இருபது நிமிடத்தில் முடித்து, நேரே ஃபெர்ரிசயனைடில் போட்டேன்.

ஃபெர்ரிசயனைடும் ஹைப்போவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கலவைக்கு ஃபார்மர் ரெட்யூசர் என்று பெயர். வெள்ளியை அரித்துத் தின்றுவிடும். அழுத்தமான படத்தை வேண்டுமென்றே இளக்குவதற்கு அதைத் துளித்துளியாகப் பயன்படுத்துவோம். என் தட்டில் அது எனக்குத் தெரியாமலேயே உருவாகிக்கொண்டிருந்தது. ஹைப்போவைப் படங்களே காகிதத்துக்குள் ஒளித்துக்கொண்டு வந்திருந்தன. சல்பைடில் போட்டபோது நிழல் பகுதிகள் எல்லாம் வந்தன. வெளிச்சப் பகுதிகள் வரவில்லை. செட்டியாரின் பட்டு வேட்டியில் ஒரு மடிப்புக்கூட இல்லை. காகிதத்தை வெட்டி ஒட்டினதுபோல் இருந்தது. நரைத்த மீசையில் முடிமுடியாகத் தெரிந்தது போய் ஒரு பஞ்சு உருண்டை. ஆச்சியின் கழுத்திலிருந்த கழுத்துரு என்கிற பெரிய தாலி எண்ணி எடுக்கிற அளவுக்குத் தெளிவாக விழுந்திருந்தது நெகட்டிவில்; பிரிண்டில் மார்பின் மேல் வெள்ளையாக ஒரு பட்டை.

நெகட்டிவ் பிழைத்திருந்ததால் நானும் பிழைத்தேன். 24ஐயும் மறுபடி போட்டேன். பேப்பர் செலவு என் தலையில். ஊட்டியில் செய்த 'இந்து' என்ற பெயருள்ள போட்டோ பேப்பர் ஒரு பெட்டி முழுவதும் அந்த வாரத்தில் தீர்ந்தது.

அன்றிலிருந்து சோதனை பார்க்காமல் ஒரு படமும் என் கடையை விட்டு வெளியே போனதில்லை. மாஸ்டர் நோட்டில் எல்லாம் எழுதியிருந்தது; நான்தான் அதை வேண்டாத வேலை என்று நினைத்திருந்தேன். முதல் சோதனை கிணற்று மருந்து. ஆமாம், மழைக்காலத்தில் கிணற்றில் போடுகிற அதே பெர்மாங்கனேட். காஸ்டிக் சோடா கொஞ்சம் சேர்த்துக் கரைத்து ஒரு சீசாவில் வைத்துக்கொள்வோம். கண்ணாடி டம்ளரில் 250 மில்லி தண்ணீருக்கு 1 மில்லி விட்டால் நாவல் பழச் சாயம் வரும். கழுவுகிற படத்தை எடுத்து, அதன் மூலையிலிருந்து சொட்டுகிற தண்ணீரை அரை நிமிடம் டம்ளருக்குள் விழவிட வேண்டும். நாவல் நிறம் அப்படியே இருந்தால் சரி. ஆரஞ்சு அடித்தால் ஹைப்போ இன்னும் இருக்கிறது. நிறமே போய்விட்டால் திரும்பவும் தொட்டியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். இதில் மாஸ்டரின் ஒரு நுணுக்கம், எப்போதும் இரண்டு டம்ளர் வைப்பார். இரண்டாவதில் படம் கழுவாத வெறும் கிணற்றுத் தண்ணீரைச் சொட்டவிடுவார். கிணற்றில் இலை தழை அழுகியிருந்தால் அதுவே சாயத்தை வெளுக்கவைக்கும்; ஹைப்போ மேல் வீண் பழி விழும்.

ஆனால் இந்தச் சோதனை பார்ப்பது சொட்டுகிற தண்ணீரைத்தான். காகித நாருக்குள் பதுங்கியிருப்பதை அது பிடிக்காது. அதற்குச் சில்வர் நைட்ரேட் வேண்டும். 28 சதவீத அசெட்டிக் ஆசிட் 125 மில்லி, சில்வர் நைட்ரேட் 7.5 கிராம், பேட்டரிக் கடையில் விற்கிற வாலைவடிநீர் சேர்த்து 1 லிட்டர். ஏழரை பிடிக்காமல் எந்தப் படமும் உருப்படாது என்று இந்த அளவைச் சொல்லும்போதெல்லாம் மாஸ்டர் சிரிப்பார். அது காசு பிடித்த மருந்து. லிட்டர் கணக்கில் கரைக்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கால் லிட்டர் கரைத்து, பழுப்புச் சீசாவில், வெளிச்சம் படாமல் வைத்திருப்பேன். படத்தின் வெள்ளை விளிம்பில் ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு ஒரே ஒரு சொட்டு. 2 நிமிடம் காத்திருக்க வேண்டும். மோரில் ஒரு துளி டிகாஷன் விழுந்த நிறமாக இருந்தால் படம் தேறிவிட்டது. டிகாஷனே மாதிரி இருந்தால் தேறவில்லை. விரலில் பட்டால் கறை ஒரு வாரம் போகாது. தேர்தலில் வைக்கிற மையிலும் இந்த உப்புதான் இருக்கிறது. தேர்தல் இல்லாத மாதத்தில் கறுத்த விரலோடு பஸ்ஸில் போனால், எங்கே ஓட்டுப் போட்டீர்கள் என்று கண்டக்டர் கேட்பார். சோதித்த இடம் பிறகு வெளிச்சத்தில் கறுத்துவிடும் என்பதால், விளிம்பில் கால் அங்குலம் கூடவிட்டுப் பிரிண்ட் போட்டுப் பின்னால் வெட்டிவிடுவேன்.

இது ஹைப்போ போய்விட்டதா என்று பார்க்க. வெள்ளி உப்பு மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேறொரு சொட்டு. அதே நாற்றச் சல்பைடு, நன்றாக நீர்த்தது. விளிம்பில் வைத்து 2, 3 நிமிடம் கழித்து ஒற்றியெடுத்தால் வெள்ளை வெள்ளையாகவே இருக்க வேண்டும். மஞ்சளோ பழுப்போ தெரிந்தால் புது ஹைப்போவில் மறுபடி போட வேண்டும். ஹைப்போவே செத்துவிட்டதா என்பதற்குப் பொட்டாசியம் அயோடைடு: தட்டிலிருந்து சில சொட்டு எடுத்து அதில் சில சொட்டு அயோடைடு விட்டதும் திரிந்த பால்போல் மஞ்சளாகத் திரண்டால் அந்த ஹைப்போவை ஊற்றிவிட வேண்டியதுதான்.

ஊற்றுவது என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். செத்த ஹைப்போவை யாரும் ஊற்றமாட்டார்கள். அதில் வெள்ளி இருக்கிறது. மாதம் ஒருமுறை ஒருவர் சைக்கிளில் பிளாஸ்டிக் கேன் கட்டிக்கொண்டு வந்து வாங்கிப் போவார். துத்தநாகத் தூள் போட்டு வெள்ளியைப் பிரித்துவிடுவார். எவ்வளவு அதிகப் படம் போட்ட ஹைப்போவோ அவ்வளவு வெள்ளி, அவ்வளவு விலை. இதன் விபரீதம் புரிகிறதா? கெட்ட ஹைப்போவுக்குத்தான் நல்ல விலை. இன்னும் பத்துப் படம், இன்னும் பத்துப் படம் என்று அதே தட்டில் போடுகிற ஆசை எங்களில் பலருக்கு இருந்தது. 1960களிலும் 70களிலும் எடுத்த எத்தனையோ கல்யாணப் படங்கள் அப்பத்தா காலத்துப் படங்களைவிட மோசமாக மஞ்சளித்துக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இளைய படம் முதலில் நரைத்திருக்கிறது. வயதுதான் காரணம் என்றால் இது எப்படி?

மூன்றாவது பழுப்பு இன்னும் பழையது. 1850 முதல் அந்த நூற்றாண்டின் கடைசிவரை உலகம் முழுவதும் பெரும்பாலும் முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில்தான் படம் போட்டார்கள். அதில் படம் பிறக்கும்போதே பழுப்புதான். அதற்குத் தங்க உப்பில் டோன் போட்டால் கொஞ்சம் கத்திரிப்பூ நிறம் ஏறும். நம் வீட்டுச் சுவர்ப் பூச்சிலும் முட்டை வெள்ளை. அதில் தொங்குகிற படத்திலும் முட்டை வெள்ளை. பெட்டகத்தில் மட்டும் தங்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிற வீட்டுக்காரர்களுக்கு, பட்டாலைச் சுவரிலும் குன்றிமணியில் நூற்றில் ஒரு பங்காவது தொங்கலாம் என்று சொல்லிவைக்கிறேன்.

போன தை மாதம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் படைப்புக்காக, அதாவது முன்னோருக்குப் படையல் வைக்கிற சடங்குக்காக, வீடு திறந்திருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பங்காளிகள் வந்திருந்தார்கள். படங்களைத் துடைக்க இறக்கியபோது என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வளவில் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் பழைய வேட்டியை விரித்து வரிசையாக வைத்திருந்தார்கள். இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று, ரங்கூனில் எடுத்த, கோட்டும் கடிகாரச் சங்கிலியும் அணிந்த ஐயாவின் படம். பழுப்புதான். ஆனால் சட்டைக் காலர் பால்போல் வெள்ளை. கோட்டின் இருட்டுக்குள் பித்தான்கூடத் தெரிகிறது. ஓரம், நடு எல்லாம் ஒரே நிறம். மற்றொன்று 1968இல் எடுத்த கல்யாணக் கூட்டப் படம். நிழல் கறுப்பாகவே இருக்கிறது. ஆனால் வெள்ளை எல்லாம் மஞ்சள். பின்வரிசைப் பெண்களின் முகம் கரைந்துகொண்டிருக்கிறது. சாய்த்துப் பார்த்தால் கறுப்புப் பகுதியின் மேல் கண்ணாடிப் பூச்சுப்போல் ஒரு மினுக்கம். வெள்ளி மேலே கசிந்து வந்திருக்கிறது.

இடது கீழ் மூலையில், பந்தல் கால் ஓரத்தில், பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. ஹைப்போ தட்டில் விட்ட கையைக் கழுவாமல், பளபளப்பேற ஈரப் படத்தை ஒட்டிக் காயவைக்கிற கிளேசிங் தகட்டிலிருந்து அதை உரித்த யாரோ ஒருவருடையது. அந்த ஈரம் அன்று கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஐம்பது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல எழுந்திருக்கிறது. படத்தைத் திருப்பினேன். பின்னால் எங்கள் ஸ்டுடியோவின் ரப்பர் முத்திரை. 1968இல் அங்கே படம் உரிக்கிற வேலை என்னுடையது.

வீட்டு ஆச்சி, "என்ன தம்பி, இந்தப் படத்துக்கு இவ்வளவு வயதாகிவிட்டதா?" என்று கேட்டார். "இல்லை ஆச்சி, அது நான் கைகழுவாதது" என்றேன். அவர் விளையாட்டாக எடுத்துக்கொண்டு காபி கொண்டுவரச் சொன்னார். நான் அங்கேயே ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் படத்தை அப்படியே நகல் எடுத்துக்கொடுத்துவிட்டு வந்தேன். காசு வாங்கவில்லை.

இனி அந்த வெந்நீர் யோசனைக்கு வருகிறேன். தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். படம் இருப்பது ஜெலட்டின் என்கிற பசைக்குள். வெந்நீரில் அது ஊறி இளகும். பஞ்சு பட்டால் முகத்தோடு வழித்துக்கொண்டு வரும். முட்டைக் காகிதப் படம் வெடிப்பு விடும். கையால் வண்ணம் தீட்டிய படமானால் சேலைக் கரையின் சிவப்பு தண்ணீருக்குப் போய்விடும். அன்று 1 மணி நேரம் கழுவாத பாவத்தை இன்று அண்டாவில் கழுவித் தீர்க்க முடியாது. மஞ்சளித்த வெள்ளியைத் தண்ணீர் வெளுக்காது. நான் மேலே சொன்ன சோதனைகளையும் வீட்டில் யாரும் பழைய படத்தின் மேல் செய்து பார்க்க வேண்டாம். அவை புதிதாகக் கழுவி எடுத்த படத்துக்கு. சல்பைடோடு ஆசிட் சேர்ந்தால் வருகிற வாயு ஆளையே சாய்த்துவிடும். பழைய படத்துக்குக் கண் போதும். வெள்ளை வெள்ளையாக இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சட்டத்தின் பின்பலகையை வேண்டுமானால் மாற்றுங்கள். ஆணியடித்த பழைய பெட்டிப் பலகைகளின் கண்ணும் கோடும் படத்தில் பழுப்பாக இறங்கியிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியோடு படம் ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடேயே நகல் எடுத்துக்கொள்ளலாம்.

நகல் எடுக்கிற கடைகளிலும் ஒரு கூத்து நடக்கிறது. பழுப்பு எதைக் கண்டாலும் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்திக் கறுப்பு வெள்ளையாக்கி, "புதுசாக்கிவிட்டோம்" என்று கொடுக்கிறார்கள். மஞ்சளித்த படத்துக்கு அது சரி. இரண்டு மடங்கு காசு கொடுத்து டோன் போட்ட படத்துக்குமா? அந்த ரங்கூன் ஐயாவின் படத்தையும் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் தேட வந்த ஒருவர் பார்த்துவிட்டு, நிறத்தை எடுத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றாராம். நல்லவேளை, ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை.

கட்டுரையாளர் மீது எனக்குக் கோபம் இல்லை. படங்களில் இருக்கிறவர்களின் பெயர், ஊர், கோயில் எல்லாம் விசாரித்து எழுதியிருக்கிறார். படத்தைப் போட்டவனைத்தான் விசாரிக்கவில்லை. எங்களில் பலர் இப்போது இல்லை. இருக்கிறவர்களுக்கு 70க்கு மேல் ஆகிறது. விருப்பமிருந்தால் அவர் ஒருமுறை காரைக்குடிக்கு வரட்டும். சல்பைடு இப்போது என்னிடம் இல்லை. மாஸ்டரின் நோட்டையும், விளிம்பில் சொட்டு வைத்துச் சோதித்து வெட்டிய பட்டைகள் சில ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன, அவற்றையும் காட்டுகிறேன்.

அடுத்த மாதம் இந்தப் பக்கத்தில் இன்னும் சில வீடுகளில் படைப்பு இருக்கிறது. படங்கள் மறுபடி தரைக்கு இறங்கும். அதற்குள் தங்கள் திருத்தம் ஏதாவது ஒரு மூலையில் வந்தாலும் போதும். இடமில்லை என்றால் நான் எழுதிய மற்றதையெல்லாம் வெட்டிவிடுங்கள். வெந்நீர் வேண்டாம் என்ற வரி மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் வரட்டும்.

இப்படிக்கு,
பழைய ஸ்டுடியோக்காரர் ஒருவர்,
கல்லுக்கட்டி அருகில், காரைக்குடி.